கண்டிஷன் வச்ச ட்ரெய்லிங் ஸ்டாப்பை கோட் பண்றது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டோமேட்டிக் ட்ரேடிங் ஸ்ட்ராட்டஜி (தானா வாங்கி விக்கற ப்ரோக்ராம்) எழுத ஆரம்பிச்ச எல்லாரும் என்ட்ரி சிக்னலுக்கு (எப்போ உள்ள போறது) ஒரு மாசம் மண்டைய உடைச்சிட்டு எக்ஸிட்டை (எப்போ வெளிய வர்றது) ஒரு சாயந்திரத்துல எழுதி முடிப்பாங்க, நானும் அப்படித்தான் பண்ணேன், அப்புறம் ட்ரெய்லிங் ஸ்டாப் ஏன் இப்படி பண்ணுதுன்னு லாக் ஃபைலைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

கண்டிஷனல் ட்ரெய்லிங் ஸ்டாப்னா என்ன? சாதா ட்ரெய்லிங் ஸ்டாப் போதாதா?

ஸ்டாப்னா, விலை இந்த எடத்துக்கு வந்தா வெளிய வந்துடுன்னு போட்டு வைக்கிற ஆர்டர். சாதா ட்ரெய்லிங் ஸ்டாப் என்ட்ரி ஆன நொடியில இருந்தே விலைக்குப் பின்னாடி ஓட ஆரம்பிச்சிடும். விலை கொஞ்சம் ஏறினா அதுவும் ஏறும், விலை கொஞ்சம் இறங்கினா நம்மள வெளிய தள்ளிடும். என்ட்ரி ஆன புதுசுல விலை அங்கயும் இங்கயும் ஆடுறது சகஜம், அந்த ஆட்டத்துலயே நம்ம ட்ரேட் செத்துடும்.

கண்டிஷனல்னா, ஒரு விஷயம் நடக்குற வரைக்கும் ஃபிக்ஸட் ஸ்டாப் போட்ட எடத்துலயே நிக்கும், அது நடந்ததுக்கு அப்புறம்தான் ட்ரெய்லிங் ஆரம்பிக்கும். "15 பாயின்ட் லாபம் வந்த பிறகு, உச்சத்துல இருந்து 8 பாயின்ட் கீழ ட்ரெய்ல் பண்ணு" இதுதான் சாதாரணமா எல்லாரும் வைக்கிறது. கேக்க ஒரு இஃப் போட்டா முடிஞ்சிடும்னு தோணும். முடியாது, ஏன்னா இந்த இஃப்புக்கு ஞாபகசக்தி வேணும். கீழ வர்ற பிரச்சனைல முக்காவாசி, எதை ஞாபகம் வச்சிக்கணும் எதை மறக்கணும்ங்கறதுல வர்ற குழப்பம்தான்.

சரி, லாஜிக்கை காட்டுங்க

மூணு விஷயத்தை ஞாபகம் வச்சிக்கணும்: தாழ்ப்பாள் (ட்ரெய்லிங் ஆரம்பிச்சாச்சா இல்லையா), உச்சம் (என்ட்ரிக்கு அப்புறம் வந்த அதிகபட்ச விலை), ஸ்டாப். ஆக்டிவேஷன்னா ட்ரெய்லிங் ஆரம்பிக்கத் தேவையான லாபம், தூரம்னா உச்சத்துக்கும் ஸ்டாப்புக்கும் நடுவுல விடற இடைவெளி, பிட்னா நாம இப்போ விக்கக்கூடிய விலை. லாங் பொசிஷனுக்கு (ஏறும்னு வாங்கி வச்சிருக்கறது) ஒவ்வொரு டிக் (புது விலை) வரும்போதும் ஓட வேண்டியது இது, எந்த லாங்வேஜ்ல வேணா மாத்திக்கலாம்:

பொசிஷன் இல்லையா?
— தாழ்ப்பாள் = இல்லை, உச்சம் = காலி, ஸ்டாப் = காலி, இதோட நிறுத்து

ஸ்டாப் காலியா இருக்கா?
— ஸ்டாப் = என்ட்ரி − ஆரம்ப ரிஸ்க்
— உச்சம் = என்ட்ரி

உச்சம் = ரெண்டுல பெருசு (உச்சம், பிட்)

தாழ்ப்பாள் இன்னும் விழல, ஆனா உச்சம் ≥ என்ட்ரி + ஆக்டிவேஷன்?
— தாழ்ப்பாள் = ஆமா

தாழ்ப்பாள் = ஆமா?
— ஸ்டாப் = ரெண்டுல பெருசு (ஸ்டாப், உச்சம் − தூரம்)

பிட் ≤ ஸ்டாப்?
— வெளிய வா

இதை நம்பர் போட்டு ஓட்டிப் பாருங்க. என்ட்ரி 500, ஆரம்ப ஸ்டாப் 490, ஆக்டிவேஷன் 15, தூரம் 8. விலை 504, 511ன்னு வருது, ஸ்டாப் 490லயே நிக்குது. 515.5 வந்ததும் தாழ்ப்பாள் விழுது, ஸ்டாப் ஒரே தாவுல 507.5க்கு வந்துடும். 513க்கு இறங்குது, ஒண்ணும் ஆகாது. 519 வந்தா ஸ்டாப் 511. 512 வருது, நெஞ்சு படபடங்கும், ஆனா ஸ்டாப் 511தான், தப்பிச்சோம். 524 வந்தா ஸ்டாப் 516. அப்புறம் 517, அடுத்து 515.8, அங்க அடிச்சிடும். 516க்கே ஃபில் ஆகும்னு கனவு காணாதீங்க, மார்க்கெட் ஆர்டரா (கிடைக்கிற விலைக்கு விக்கறது) மாறிப் போகும், 515.6க்கோ 515.5க்கோ கிடைக்கும்.

லாபம் 15 பாயின்ட்டுக்குக் கீழ திரும்பி வந்துட்டா ட்ரெய்லிங்கை ஆஃப் பண்ணணுமா?

கூடாது. புதுசா எழுதறவங்க பண்ற நம்பர் ஒன் தப்பு இது. "இப்போதைய லாபம் 15க்கு மேல இருந்தா ஸ்டாப்பை நகர்த்து, இல்லன்னா ஆரம்ப ஸ்டாப்"னு எழுதிடுவாங்க. அப்போ 515.5 வரும்போது ஸ்டாப் 507.5க்குப் போகும், 513க்கு வந்ததும் இஃப் பொய்யாகி ஸ்டாப் மறுபடி 490க்கு இறங்கிடும். பூட்டி வச்ச லாபத்தை நாமளே திறந்து விட்ட மாதிரி.

அதனாலதான் அதுக்கு தாழ்ப்பாள்னு பேர் வச்சிருக்கேன். ஒரு தடவை விழுந்தா பொசிஷன் மூடுற வரைக்கும் விழுந்ததுதான். ஸ்டாப்பும் அப்படித்தான், கார் ஜாக்கி மாதிரி, ஏத்தினா ஏறும், தானா இறங்கக் கூடாது. மேல "ரெண்டுல பெருசு"ன்னு ரெண்டு எடத்துல போட்டிருக்கறது அதுக்குத்தான்.

ஒரு ட்ரேட் சரியா போகுது, அடுத்த ட்ரேட் உள்ள போன உடனே வெளிய வந்துடுது. ஏன்?

பழைய ட்ரேடோட உச்சம் அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கு. எனக்கே நடந்தது. முதல் ட்ரேட் அழகா ட்ரெய்ல் ஆகி வெளிய வந்துச்சு, கொஞ்ச நேரத்துல கீழ் விலைல அடுத்த என்ட்ரி வந்துச்சு, உச்சம் வேரியபிள்ல பழைய நம்பர், தாழ்ப்பாளும் ஏற்கனவே விழுந்து கிடக்கு, ஸ்டாப் இப்போதைய விலைக்கு மேல போய் உக்காந்துக்கிச்சு. உள்ள போகும், வெளிய வரும், சிக்னல் இன்னும் உயிரோட இருக்கறதால மறுபடி உள்ள போகும். நான் கவனிக்கறதுக்குள்ள பதினோரு ட்ரேட், பதினொண்ணும் கமிஷனுக்கு மட்டும். கோட்ல ரீசெட் எழுதித்தான் வச்சிருந்தேன், ஆனா எக்ஸிட் ஆர்டர் அனுப்புற எடத்துல. அன்னைக்கு பொசிஷன் வேற வழியா மூடியிருந்துச்சு, அதாவது எக்ஸ்சேஞ்ச்ல நின்ன ஸ்டாப்பே அடிச்சு மூடியிருந்துச்சு.

அதனால ரீசெட்டை எக்ஸிட் பண்ற எடத்துல எழுதாதீங்க, "பொசிஷன் பூஜ்யம்"னு பாக்குற எடத்துல எழுதுங்க. எப்படி மூடினாலும் வேலை செய்யும்.

நிஞ்சாட்ரேடர்ல (ஸ்ட்ராட்டஜி எழுதி ஓட்டற ஒரு சாஃப்ட்வேர்) இதே கதை வேற வேஷத்துல வரும். அங்க செட் ஸ்டாப் லாஸ் மெத்தடுக்கு குடுத்த கடைசி விலை அப்படியே தங்கிடும், ஃப்ளாட்டா (பொசிஷன் இல்லாம) இருக்கும்போது திரும்ப ஆரம்ப மதிப்பைக் குடுக்கலன்னா அடுத்த பொசிஷனுக்கு அந்தப் பழைய விலையிலயே ஸ்டாப் போடும். டாக்குமென்டேஷன்லயே எழுதி வச்சிருக்காங்க, நாமதான் படிக்கறதில்ல.

செட் ஸ்டாப் லாஸ், செட் ட்ரெய்ல் ஸ்டாப் ரெண்டையும் சேத்து போட்டேன், ட்ரெய்லே ஆகல

நிஞ்சாட்ரேடர்ல ஒரே பொசிஷனுக்கு ரெண்டும் சேராது, ரெண்டையும் கூப்பிட்டா செட் ஸ்டாப் லாஸ்தான் ஜெயிக்கும். கண்டிஷனல் வேணும்னா செட் ட்ரெய்ல் ஸ்டாப்பை மறந்துடுங்க, செட் ஸ்டாப் லாஸை மட்டும் வச்சிக்கிட்டு மேல சொன்ன லாஜிக்ல விலையை நாமளே கணக்கு போட்டு நகர்த்துங்க.

என்ன கண்டிஷன் வைக்கலாம்? லாபம் மட்டும்தானா?

லாபம்தான் ரொம்ப சுலபம், அதை பாயின்ட்ல வைக்கறதை விட ஆரம்ப ரிஸ்க்கோட மடங்கா வைக்கறது எனக்குப் பிடிக்கும். ரிஸ்க் 10 பாயின்ட்னா ஒன்றரை மடங்கு, அதாவது 15 வந்ததும் ட்ரெய்லிங். வேற சிம்பலுக்கு மாத்தினாலும் நம்பரைத் தொட வேண்டியதில்ல. நேரத்தை வைக்கலாம், என்ட்ரி ஆகி 20 பார் (சார்ட்ல ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு கட்டை) ஆச்சுன்னா ட்ரெய்லிங்னு. மூவிங் ஆவரேஜுக்கு (கடைசி சில பாரோட சராசரி விலை) மேல க்ளோஸ் ஆனதும்னு வைக்கலாம். முதல் டார்கெட்ல பாதியை வித்ததும்னு வைக்கறவங்க நிறைய பேர்.

ரெண்டு கண்டிஷனைச் சேர்க்கும்போது மட்டும் கவனமா இருங்க. "லாபம் 15 வந்திருக்கணும், ஏடிஆர் (ஒரு பார்ல விலை சராசரியா எவ்வளவு ஆடுதுங்கற அளவு) ஏறிக்கிட்டும் இருக்கணும்"னா ரெண்டும் ஒரே நொடியில உண்மையா இருக்கணுமா, இல்ல ரெண்டும் எப்பவோ தனித்தனியா ஒரு தடவை உண்மையானா போதுமா? இது ரெண்டும் முழுக்க வேற வேற ஸ்ட்ராட்டஜி. முதலாவதுக்கு ஒரு தாழ்ப்பாள், ரெண்டாவதுக்கு ரெண்டு தாழ்ப்பாள். கோட் எழுதறதுக்கு முன்னாடி தமிழ்ல ஒரு வரி எழுதிப் பாத்துட்டா இந்தக் குழப்பம் அங்கயே தெரிஞ்சிடும்.

ஆக்டிவேஷனை விட தூரம் பெருசா இருக்கலாமா?

இருக்கலாம், தப்பில்ல, ஆனா என்ன கிடைக்கும்னு தெரிஞ்சு வைங்க. ஆக்டிவேஷன் 5, தூரம் 8னா தாழ்ப்பாள் விழும்போது ஸ்டாப் 505 − 8 = 497. என்ட்ரிக்குக் கீழ. "ட்ரெய்லிங் ஆரம்பிச்சாச்சு, இனிமே நஷ்டம் கிடையாது"ன்னு நினைச்சிட்டிருந்தா 3 பாயின்ட் நஷ்டத்துல வெளிய வருவீங்க. ஃப்ரீக்ட்ரேட் மாதிரி சில சிஸ்டம் இதை ஏத்துக்கவே மாட்டேன்னு சொல்லிடும், ஆஃப்செட் (நம்ம ஆக்டிவேஷன்) ட்ரெய்லிங் தூரத்தை விட பெருசா இருந்தே ஆகணும்னு எரர் குடுக்கும்.

தூரத்தை ஏடிஆர்ல வைக்கலாமா?

வைக்கலாம், நான் அப்படித்தான் வைக்கறேன். ஏடிஆரை வெல்ஸ் வைல்டர் 1978ல கொண்டு வந்தாரு, கம்ப்யூட்டர் எல்லார் வீட்டுலயும் இல்லாத காலம். அதை வச்சு செஞ்ச பிரபலமான ட்ரெய்லிங் எக்ஸிட் ஷாண்டலியர், வழக்கமான செட்டிங் 22 பாரோட உச்சத்துல இருந்து 3 ஏடிஆர் கீழ.

இதுல ஒரு வலை இருக்கு. ஏடிஆர் நிலையா நிக்காது. விலை வேகமா கீழ விழும்போது பார் எல்லாம் பெருசாகும், ஏடிஆர் ஏறும், அப்போ உச்சம் − 3 ஏடிஆர்ங்கற நம்பர் தானா கீழ இறங்கும். அதாவது ஸ்டாப் அடிக்கப் போற நேரத்துல ஸ்டாப் நம்மளை விட்டு விலகி ஓடும். கோட்ல "ரெண்டுல பெருசு" இருந்தா இது நடக்காது, இல்லன்னா நடக்கும், சார்ட்ல பாத்தா ஸ்டாப் லைன் கீழ வளைஞ்சிருக்கும். அப்படி வளைஞ்சிருக்கறதைப் பாத்தீங்கன்னா நேரா கோட்ல போய் அந்த ஒரு வரியைத் தேடுங்க.

சிலர் என்ட்ரி சமயத்துல இருந்த ஏடிஆரை எடுத்து வச்சிக்கிட்டு ட்ரேட் முடியற வரைக்கும் அதையே பயன்படுத்துவாங்க. கொஞ்ச நேரமே ஓடுற ட்ரேடுக்கு இது நல்லாவே வேலை செய்யும், டீபக் பண்றதும் சுலபம்.

ஷார்ட் பொசிஷனுக்கு குறியை மாத்தினா போதுமா?

ஷார்ட்னா இறங்கும்னு முதல்ல வித்துட்டு அப்புறம் வாங்கி மூடறது. போதும்னு நினைச்சு எழுதிட்டு ஸ்ப்ரெட்ல (பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடுவுல இருக்குற இடைவெளி) மாட்டிக்குவீங்க. உச்சத்துக்கு பதிலா பள்ளம், பெருசுக்கு பதிலா சிறுசு, கழித்தலுக்கு பதிலா கூட்டல், இது வரைக்கும் சரி. ஆனா லாங்கை மூடறது பிட் விலைல, ஷார்ட்டை மூடறது ஆஸ்க் விலைல (நாம வாங்கக்கூடிய விலை). ஷார்ட்டுக்கும் பிட்டையே பாத்துட்டிருந்தா ஸ்ப்ரெட் விரியற நேரத்துல கோட் "இன்னும் அடிக்கல"ன்னு சொல்லும், ப்ரோக்கர் எப்பவோ அடிச்சு முடிச்சிருப்பாரு. இன்னொண்ணு, பள்ளத்தோட ஆரம்ப மதிப்பை பூஜ்யம்னு வச்சிடாதீங்க, சாதாரணமா எந்த விலையும் பூஜ்யத்தை விட சின்னதா வராது, பள்ளம் பூஜ்யத்துலயே உறைஞ்சு போய் நிக்கும்.

டிக் வரும்போது நகர்த்தணுமா, பார் க்ளோஸ் ஆன பிறகா?

ரெண்டுமே சரிதான், ஆனா ரெண்டும் வேற வேற ஸ்ட்ராட்டஜி, பேக்டெஸ்ட்ல (பழைய டேட்டால ஓட்டிப் பாக்கறது) ஒண்ணு லைவ்ல (நிஜ மார்க்கெட்ல) ஒண்ணுன்னு இருக்கக் கூடாது. டிக்ல நகர்த்தினா ஒரு நொடி எகிறிப் போன விலைக்கும் ஸ்டாப் ஏறிடும். பார் க்ளோஸ்ல நகர்த்தினா அந்த நொடி ஆட்டம் கண்ணுல படாது, ஆனா பெரிய பார் ஒண்ணு மேல போய் திரும்பி வந்தா நடுவுல கிடைச்ச லாபம் கையை விட்டுப் போகும். நான் ஸ்டாப்பை பார் க்ளோஸ்ல நகர்த்துவேன், அடிக்கறது மட்டும் எந்த நேரமும், ஏன்னா ஆர்டர் எக்ஸ்சேஞ்ச்ல உக்காந்திருக்கும். இப்படி எழுதினா பேக்டெஸ்ட்ல அதையே அப்படியே திருப்பி ஓட்டிப் பாக்க முடியும்ங்கறதுதான் எனக்கு முக்கியம்.

பேக்டெஸ்ட்ல சூப்பரா ஓடுது, லைவ்ல நாறுது. ட்ரெய்லிங் ஸ்டாப்புக்கு மட்டும் ஏன் இப்படி?

ஏன்னா ட்ரெய்லிங் ஸ்டாப்புக்கு விலை எந்த வழியா போச்சுன்னு தெரியணும். பார்ல நாலு நம்பர்தான் இருக்கு: ஓபன், ஹை, லோ, க்ளோஸ். வழி அதுல இல்ல.

பழைய உதாரணத்தையே எடுத்துக்கோங்க, தூரம் 8, தாழ்ப்பாள் விழுந்தாச்சு, ஸ்டாப் 507.5. அடுத்த பார் ஓபன் 514, ஹை 524, லோ 513, க்ளோஸ் 521. முதல்ல 513க்கு இறங்கிட்டு அப்புறம் 524க்கு ஏறியிருந்தா ஸ்டாப் 516க்குப் போயிருக்கும், க்ளோஸ் 521, நாம இன்னும் உள்ள இருக்கோம். முதல்ல 524க்கு ஏறிட்டு அப்புறம் 513க்கு இறங்கியிருந்தா 516ல வெளிய வந்தாச்சு. ஒரே பார், ரெண்டு கதை, எது நடந்துச்சுன்னு அந்த நாலு நம்பரைப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது.

பேக்டெஸ்ட் சாஃப்ட்வேர் இதுக்கு ஒரு அனுமானம் வச்சிருக்கும். ட்ரேடிங்வியூல (சார்ட்டும் பேக்டெஸ்ட்டும் தர்ற சைட்) ஓபன் ஹைக்குப் பக்கத்துல இருந்தா ஓபன், ஹை, லோ, க்ளோஸ்னு போச்சுன்னு எடுத்துக்கும், லோவுக்குப் பக்கத்துல இருந்தா ஓபன், லோ, ஹை, க்ளோஸ். நம்ம பார்ல ஓபன் 514, லோவுக்கு 1 பாயின்ட், ஹைக்கு 10 பாயின்ட், அதனால முதல் கதைதான் நடந்துச்சுன்னு முடிவு பண்ணிடும்.

இதை விட மோசமானது ஒண்ணு இருக்கு. அந்த அனுமானத்துல விலை லோவுல இருந்து ஹைக்கு நேர்கோடு போட்ட மாதிரி ஏறும், நடுவுல ஒரு தடவை கூட பின்வாங்காது. இப்போ தூரத்தை 0.5னும், தாழ்ப்பாள் இந்த பார்லதான் விழுதுன்னும் வச்சுப் பாருங்க. மேல சொன்ன பார்ல விலை 513ல இருந்து 524 வரைக்கும் வழுக்கிட்டுப் போகும், உச்சத்துல இருந்து அரை பாயின்ட் இறங்கினதும் 523.5ல வெளிய வந்தாச்சுன்னு பேக்டெஸ்ட் எழுதும். ஒவ்வொரு பாரோட உச்சியிலயும் வித்த மாதிரி வரும். நிஜத்துல 11 பாயின்ட் ஏறுறதுக்குள்ள அரை பாயின்ட் பின்வாங்கல் எத்தனையோ தடவை வந்திருக்கும், முதல் பின்வாங்கல்லயே வெளிய தள்ளியிருக்கும். ஈக்விட்டி கர்வ் (கணக்குல இருக்குற பணத்தோட கோடு) ராக்கெட் மாதிரி மேல போகுதுன்னு யாராவது ஸ்க்ரீன்ஷாட் காட்டினா நான் முதல்ல கேக்கறது ட்ரெய்லிங் தூரம் எவ்வளவு, ஒரு பாரோட சராசரி நீளம் எவ்வளவுன்னுதான். தூரம் பாரை விட சின்னதா இருந்தா அந்த ரிசல்ட்டை நான் நம்ப மாட்டேன்.

என்ன பண்ணலாம்? டிக் டேட்டா இருந்தா அதுல ஓட்டுங்க. இல்லன்னா சின்ன டைம்ஃப்ரேம் டேட்டா, ட்ரேடிங்வியூல பார் மேக்னிஃபையர்னு இருக்கறது அதைத்தான் பண்ணுது, பெரிய பாருக்குள்ள சின்ன பாரோட விலைகளை எடுத்துக்கும். ரெண்டும் இல்லன்னா சொந்தமா பேக்டெஸ்ட் எழுதறவங்க இந்த வரிசையைப் பிடிச்சிக்கோங்க: போன பார் வரைக்கும் தெரிஞ்ச ஸ்டாப்பை எடு, இந்த பார் ஓபனே அதுக்குக் கீழ இருந்தா ஓபன் விலைல வெளிய வா, இல்ல லோ அதைத் தொட்டிருந்தா ஸ்டாப் விலைல வெளிய வா, ரெண்டும் இல்லன்னா மட்டும் ஹையை வச்சு உச்சத்தையும் ஸ்டாப்பையும் புதுப்பி. முதல்ல அடி பட்டுச்சான்னு பாரு, அப்புறம்தான் நகர்த்து. இதைத் தலைகீழா எழுதினா, அதே பாரோட ஹையை வச்சு ஸ்டாப்பை ஏத்திட்டு அதே பாரோட லோவால அடிபடும், ஹை முன்னாடி வந்துச்சா பின்னாடி வந்துச்சான்னே தெரியாம.

டிக்ல ஓடும்போது மட்டும் நிலையான தூரம் இருந்தா இந்த வரிசை பிரச்சனை வராது, புது உச்சம் வச்ச டிக்கே அந்த உச்சத்துல இருந்து 8 பாயின்ட் கீழ இருக்க முடியாதில்ல.

ட்ரேடிங்வியூல 15, 8னு குடுத்தேன், உடனே ஆக்டிவேட் ஆயிடுது

ட்ரெய்ல் பாயின்ட்ஸ் (ஆக்டிவேஷன்), ட்ரெய்ல் ஆஃப்செட் (தூரம்) ரெண்டும் டிக் கணக்கு, விலை கணக்கு இல்ல. இங்க டிக்னா விலை நகரக்கூடிய குறைஞ்சபட்ச அளவு. குறைஞ்சபட்ச டிக் 0.05னா 15னு குடுத்தது வெறும் 0.75 பாயின்ட். 15 பாயின்ட் வேணும்னா 15ஐ டிக் சைஸால வகுத்து 300னு குடுக்கணும், 8க்கு 160. விலையாவே ஆக்டிவேஷன் குடுக்கணும்னா ட்ரெய்ல் ப்ரைஸ்னு தனியா இருக்கு, ஆனா ஆஃப்செட் அப்பவும் டிக்தான்.

மெட்டாட்ரேடர்ல ட்ரெய்லிங் போட்டுட்டு லேப்டாப்பை மூடிட்டேன், ஸ்டாப் நகரவே இல்ல

நகராது. மெட்டாட்ரேடர்ங்கற ட்ரேடிங் சாஃப்ட்வேரோட ட்ரெய்லிங் ஸ்டாப் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்குற டெர்மினல்ல ஓடுறது, சர்வர்ல இல்ல. டெர்மினல் மூடினா கடைசியா நகர்த்தின எடத்துல சாதா ஸ்டாப் லாஸா அப்படியே நிக்கும். நாம எழுதற எக்ஸ்பர்ட் அட்வைசருக்கும் (அதுல ஓடுற ப்ரோக்ராம்) இதே விதிதான், அதனாலதான் எல்லாரும் விபிஎஸ் (எப்பவும் ஓடிட்டிருக்குற வாடகை சர்வர்) எடுத்து அதுல ஓட்டறாங்க.

மெட்டாட்ரேடர் 5ல எரர் 10016 வந்தா ஸ்டாப் செல்லாதுன்னு அர்த்தம், பெரும்பாலும் இப்போதைய விலைக்கு ரொம்பப் பக்கத்துல போட்டிருப்பீங்க, ப்ரோக்கர் வச்சிருக்குற குறைஞ்சபட்ச தூரத்தை சிம்பல் ப்ராப்பர்ட்டில இருந்து படிச்சிட்டு அப்புறம் அனுப்புங்க. 10025 வந்தா எதுவும் மாறலன்னு அர்த்தம், அதே விலையைத் திரும்ப அனுப்பியிருக்கீங்க. டெசிமல் கணக்குல வர்ற தொல்லை இது. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா கம்ப்யூட்டருக்கு 0.30000000000000004, அதனால "புது ஸ்டாப் பழசை விட பெருசு"ன்னு இஃப் உண்மையாயிடும், ரவுண்ட் பண்ணிப் பாத்தா ரெண்டும் ஒண்ணு. முதல்ல டிக் சைஸுக்கு ரவுண்ட் பண்ணுங்க, அப்புறம் ஒப்பிடுங்க.

ஒவ்வொரு டிக்குக்கும் ஆர்டரை மாடிஃபை பண்ணலாமா?

வேண்டாம். ஏபிஐ லிமிட்ல (இவ்வளவு ரிக்வெஸ்ட்தான் அனுப்பலாம்னு இருக்குற வரம்பு) அடிபடுவீங்க, ஒரு கட்டத்துல ரிக்வெஸ்ட்டை ஏத்துக்காம விட்டுடும், அது எப்பவும் விலை வேகமா ஓடுற நேரத்துலதான் நடக்கும். ஸ்டெப் ஒண்ணு வைங்க, புது ஸ்டாப் பழசை விட குறைஞ்சது 1 பாயின்ட் மேல இருந்தாதான் அனுப்பறதுன்னு. அனுப்பினதுக்கு பதில் வர்றதுக்குள்ள அடுத்ததை அனுப்பாதீங்க. ரிஜெக்ட் ஆனா வேரியபிள்ல புது விலையை எழுதிடாதீங்க, இல்லன்னா கோட் 516ன்னு நம்பிட்டிருக்கும், எக்ஸ்சேஞ்ச்ல 511 உக்காந்திருக்கும்.

ப்ரோக்ராம் நடுவுல செத்து மறுபடி ஸ்டார்ட் ஆனா?

தாழ்ப்பாளும் உச்சமும் மெமரியில மட்டும் இருந்தா போச்சு. திரும்ப எழுந்ததும் கோட்டுக்கு பொசிஷன் தெரியும், என்ட்ரி விலை தெரியும், ஆனா விலை 524 வரைக்கும் போய் வந்தது தெரியாது. "ஸ்டாப் காலி"ன்னு பாத்துட்டு சமத்தா 490ல ஒண்ணு போடும், 516ல ஏற்கனவே ஒண்ணு நிக்கும், ரெண்டு ஸ்டாப்! முதல் ஸ்டாப் லாங்கை மூடும், விலை இன்னும் இறங்கினா ரெண்டாவது ஸ்டாப் தேவையில்லாம ஒரு ஷார்ட்டைத் திறந்து விட்டுடும்.

மூணு வேரியபிளையும் மாறும்போதெல்லாம் ஒரு சின்ன ஃபைல்ல எழுதி வைங்க, கூடவே எந்த பொசிஷனுக்கு உண்டானதுன்னு ஒரு ஐடியும். ஸ்டார்ட் ஆகும்போது முதல்ல ப்ரோக்கர்கிட்ட திறந்திருக்குற ஆர்டர் என்னன்னு கேளுங்க, அங்க இருக்குற ஸ்டாப் விலையும் ஃபைல்ல இருக்குற விலையும் வேற வேறயா இருந்தா ப்ரோக்கர் சொல்றதை நம்புங்க.

பாதி வித்துட்டா, இல்ல கூட வாங்கிட்டா?

பாதி வித்தா ஸ்டாப் ஆர்டரோட குவான்டிட்டியைக் குறைக்கணும், மறந்துட்டா மேல சொன்ன ஷார்ட் கதைதான். கூட வாங்கினா சராசரி விலை மாறும், 500ல ஒண்ணும் 512ல ஒண்ணும் வாங்கினா சராசரி 506, அதை வச்சு ஆக்டிவேஷனைப் புதுசா கணக்கு போட்டா 521. முதல்லயே 515.5ல தாழ்ப்பாள் விழுந்திருந்தா அதைத் தொடாதீங்க. தனித்தனி என்ட்ரிக்கு தனித்தனி தாழ்ப்பாள் வைக்கறது சுத்தமான வழி, எழுத சலிப்பா இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்டாப் 516னா 516லதானே வெளிய வரணும்?

விலை அந்த வழியா நடந்து வந்தா ஏறக்குறைய அங்க. தாண்டிக் குதிச்சா குதிச்ச எடத்துல. 2015 ஜனவரி 15ல சுவிஸ் நேஷனல் பேங்க், ஒரு யூரோவுக்கு 1.20 ஃப்ராங்க்னு 2011ல இருந்து தாங்கிப் பிடிச்சிட்டிருந்த எல்லையைத் திடீர்னு விட்டுடுச்சு. 1.20க்குக் கொஞ்சம் கீழ ஸ்டாப் வச்சிருந்தவங்களுக்கு அந்த விலைல வாங்க ஆளே இல்ல, ரொம்பக் கீழதான் ஃபில் ஆச்சு, சிலருக்கு அக்கவுன்ட்ல இருந்த பணத்தை விட நஷ்டம் அதிகமாச்சு. ஸ்டாப் லிமிட் போட்டா கண்ட விலைக்கு விக்காது, ஆனா விக்காமலே போகவும் வாய்ப்பிருக்கு. ட்ரெய்லிங்குக்கு நான் ஸ்டாப் மார்க்கெட்தான் போடுவேன், வெளிய வரணும்னு முடிவு பண்ணிட்டு விலைக்கு பேரம் பேசறது எனக்கு சரிப்பட்டு வரல.

ஆக்டிவேஷன், தூரம் ரெண்டையும் ஆப்டிமைஸ் பண்ணி பெஸ்ட் நம்பரை எடுத்துக்கலாமா?

பாருங்க, ஆனா பெஸ்ட் நம்பரை எடுக்காதீங்க. 15, 8 அமோகமா ஓடி, 14, 8உம் 15, 9உம் நஷ்டமா இருந்தா அந்த 15, 8 வெறும் அதிர்ஷ்டம். அக்கம்பக்கத்து நம்பர் எல்லாம் சுமாரா ஓடுற எடமா பாத்து நடுவுல உக்காருங்க.

லைவ்ல விடறதுக்கு முன்னாடி எப்படி டெஸ்ட் பண்றது?

மார்க்கெட் டேட்டாவே வேண்டாம், கையால விலை வரிசை எழுதி கோட்டுக்கு ஊட்டுங்க. முதல் வரிசை 515 தொடாம நேரா 490க்கு விழணும், ஆரம்ப ஸ்டாப் அடிக்குதான்னு பாக்க. ரெண்டாவது 514.9 வரைக்கும் போய் திரும்பணும், தாழ்ப்பாள் விழக் கூடாது. மூணாவது சரியா 515.0, விழணும், இங்கதான் ≥ போட்டமா > போட்டமான்னு தெரியும். நாலாவது நான் மேல ஓட்டிக் காட்டின 504ல இருந்து 515.8 வரைக்கும் உள்ள வரிசை, ஒவ்வொரு விலைக்கும் ஸ்டாப் என்னவா இருக்கணும்னு பேப்பர்ல எழுதி வச்சிட்டு லாக்கோட ஒப்பிடுங்க. அஞ்சாவதுல 519க்கு அப்புறம் நேரா 480 குடுங்க, கேப்புக்கு (விலை தாண்டிக் குதிக்கறதுக்கு) என்ன பண்ணுதுன்னு பாக்க. எல்லாத்தையும் ஷார்ட்டுக்கும் ஒரு தடவை.

ஆறாவது, நாலாவது வரிசை முடிஞ்ச கையோட இன்னொரு என்ட்ரியை 500லயே வைங்க, அந்த ரெண்டாவது ட்ரேடோட முதல் டிக்ல லாக்ல ஸ்டாப் 490ன்னு வரணும், 516ன்னு வந்தா ரீசெட் இன்னும் தப்பான எடத்துல இருக்கு.